சொரியாசிஸ் நோயாளிகளையும் பதிவேட்டில் சேருங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கும், துறைச் செயலர் அவர்களுக்கும், பொது சுகாதாரம், மருத்துவக் கல்வி, மருத்துவப் பணிகள் ஆகியவற்றின் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

சர்க்கரை நோயாளியையும் ரத்த அழுத்த நோயாளியையும் அரசு பெயர் எழுதி வைத்துக்கொண்டு தொடர்ந்து கவனிக்கிறது. சொரியாசிஸ் என்ற நாள்பட்ட தோல் நோய் உள்ளவர்களையும் அதேபோலக் கவனிக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். இதற்கென்று புதிய கட்டடமோ தனித் திட்டமோ தேவையில்லை. ஏற்கெனவே வீடு தேடி வரும் ஊழியரின் பதிவேட்டில் எங்களுக்கும் ஓர் இடம், மாதத்துக்குப் போதுமான மருந்து, ஊருக்குப் பக்கத்திலேயே ரத்தப் பரிசோதனை. முக்கியமாக இவை மூன்றும்தான். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நான் ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவன். இருபது வயது தாண்டிய புதிதில் முழங்கையில் ஆரம்பித்தது. இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டேன். நடுவில் கூடியிருக்கிறது, குறைந்திருக்கிறது, முழுதாகப் போனதில்லை. புடவையை விரித்துக் காட்டுகிற கையில் செதில் இருந்தால் வாடிக்கையாளர் புடவையைப் பார்க்க மாட்டார், கையைத்தான் பார்ப்பார். கறுப்புத் துணியில் விழுந்த வெள்ளைத் தூளைப் பார்த்துவிட்டு ஓர் அம்மா புடவையை அப்படியே தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார். அப்புறம் முதலாளி என்னைக் குடோனுக்கு மாற்றினார். திட்டவில்லை, சம்பளத்தையும் குறைக்கவில்லை. ஆனால் விற்பனைக்குக் கிடைக்கும் கமிஷன் நின்றுபோனது.

இது ஒட்டுவாரொட்டி நோய் இல்லை. தொட்டாலோ, சேர்ந்து சாப்பிட்டாலோ, ஒரே துண்டைப் பயன்படுத்தினாலோ யாருக்கும் பரவாது. உடம்பின் நோய் எதிர்ப்பு அமைப்பு தாறுமாறாக வேலை செய்வதால் வருவது. தோலின் மேலடுக்குச் செல் அடியில் உருவாகி, முதிர்ந்து, உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆக வேண்டும். எங்களுக்கு அது சில நாட்களிலேயே மேலே வந்துவிடுகிறது. வந்தது உதிர்வதற்குள் அடுத்தது வருவதால் அடுக்கடுக்காகச் செதில் கட்டுகிறது. அடியில் தோல் சிவந்து, வெடித்து, சில நேரம் ரத்தம் கசிகிறது. மன அழுத்தம், தொண்டைப் புண், மது, புகை, சில ரத்த அழுத்த மாத்திரைகள் என்று பல காரணங்களால் அது கிளம்பும். சொறிந்த இடத்திலும் அடிபட்ட இடத்திலும் புதிதாக முளைக்கும். மார்கழிப் பனியில் பலருக்கு மோசமாகும். கட்டுப்படுத்தலாம், நன்றாகவே கட்டுப்படுத்தலாம். அடியோடு தீர்க்கும் மருந்து இதுவரை இல்லை.

2014 மே மாதம் உலக சுகாதார சபை இந்த நோய்க்கென்றே ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. நாள்பட்டது, தொற்றாதது, வலி தருவது, உருவத்தைக் குலைப்பது, முடக்கிப்போடுவது, தீர்வு இல்லாதது என்று அதில் எழுதியிருக்கிறது. இந்தியாவும் அந்தச் சபையில் உறுப்பு நாடு. 2016இல் உலக சுகாதார நிறுவனம் தனி அறிக்கையே வெளியிட்டது. இந்தியாவில் இருநூறு பேரில் ஏறக்குறைய ஒருவரிலிருந்து, அதிகமாகப் போனால் ஆறு பேர் வரைக்கும் இந்த நோய் இருக்கலாம் என்று தோல் மருத்துவர்களின் கணக்குகள் சொல்கின்றன. குறைந்த கணக்கையே எடுத்துக்கொண்டாலும் தமிழ்நாட்டில் சில லட்சம் பேர். இத்தனை பேர் இருக்கிற வாழ்நாள் நோய்க்கு, சளி காய்ச்சலுக்கு வருகிறவர்களைக் கவனிக்கிற முறையிலேயே சிகிச்சை நடக்கிறது. என் குறை அதுதான்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. அதை மனதாரப் பாராட்டுகிறேன். என் அம்மாவுக்கு பி.பி. மாத்திரை அந்தத் திட்டத்தில்தான் வீட்டுக்கு வருகிறது. ஊழியர் அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றி அளந்து பார்ப்பார், எழுதிக்கொள்வார், மாத்திரையை எண்ணிக் கொடுப்பார், உப்பைக் குறைக்கச் சொல்வார். ஒருநாள் நான் வீட்டில் இருந்தபோது வந்தார். என் கையைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுக்கு என்ன பண்றீங்க?" என்று அக்கறையாகத்தான் கேட்டார். சொன்னேன். "எங்க லிஸ்ட்ல இது இல்லண்ணே" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. பட்டியலில் ரத்த அழுத்தம் இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, படுக்கையில் கிடப்பவர்களுக்கான ஆதரவு சிகிச்சை, இயன்முறை சிகிச்சை, வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கான பைகள்கூட இருக்கின்றன. ஒரே வீட்டில் இரண்டு நாள்பட்ட நோயாளிகள். ஒருவரைத் தேடி அரசு வருகிறது. இன்னொருவர் விடுப்பு எடுத்துக்கொண்டு அரசைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

போகிற இடத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் புறநோயாளிப் பிரிவு காலையில்தான். ஓ.பி. சீட்டு வாங்க ஒரு வரிசை, தோல் பிரிவில் ஒரு வரிசை, ரத்தம் எடுக்க ஒன்று, மருந்துக்கு ஒன்று. மருத்துவர்கள் நல்லவர்கள், கெட்டிக்காரர்கள். ஆனால் ஒருவருக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் தர அவர்களால் முடியாது. பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் வேறு பயிற்சி மருத்துவர். "எத்தனை நாளா இருக்கு?" என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். என் கையில் இருக்கும் பழைய சீட்டுகள் மடிப்பில் கிழிந்து, எழுத்து அழிந்துபோனவை. போன வருடம் என்ன மருந்து கொடுத்தார்கள், எதனால் நிறுத்தினார்கள் என்பது மருத்துவமனையில் எங்கும் இல்லை, என் ஞாபகத்தில்தான் இருக்கிறது.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். களிம்பு எவ்வளவு வேண்டும் என்பதற்குத் தோல் மருத்துவர்களே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். விரல்களோடு சேர்த்து ஓர் உள்ளங்கை என்பது உடம்புத் தோலில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ட்யூபைப் பிதுக்கினால் அரை கிராம் வரும். அது இரண்டு உள்ளங்கை அளவுத் தோலுக்குப் போதும். உடம்பில் 20 விழுக்காடு பாதிக்கப்பட்டவருக்கு ஒரு வேளைக்கு 5 கிராம். இரண்டு வேளை தடவினால் 10 கிராம். கையில் கொடுக்கப்படுவதோ 15 கிராம் ட்யூப் ஒன்று. ஒன்றரை நாளில் தீர்ந்துவிடும். அடுத்து வரச் சொல்வது இரண்டு வாரம் கழித்து. நடுவில் அந்த நோயாளி என்ன செய்வார்? சிக்கனமாகத் தொட்டுத் தொட்டுத் தடவுவார், இல்லாவிட்டால் நிறுத்திவிடுவார். "ஒழுங்கா மருந்து போடறதில்ல" என்று அவர் மேல் பழி வரும்.

தோலின் ஈரத்தைக் காக்கிற வெண் வாசலினும் திரவ பாரஃபினும் இதைவிட முக்கியம். விலை மலிவானவை, பெரிய பக்கவிளைவு கிடையாது, தடவினால் வெடிப்பும் அரிப்பும் குறையும். உடம்பு முழுக்கத் தடவ வேண்டிய பெரியவருக்கு வாரத்துக்குக் கால் கிலோ முதல் அரைக் கிலோ வரை தேவைப்படும் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. எங்களுக்கோ வீட்டிலிருந்து கொண்டுபோகும் சின்ன டப்பாவில் ஒரு கரண்டி வழித்துப் போடுகிறார்கள். டப்பா கொண்டுபோக மறந்தவர் காகிதத்தில் வாங்கிப் போகிறார், பஸ்ஸில் வீடு சேர்வதற்குள் அது உருகிச் சட்டையில் படிந்துவிடும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் உருவானது. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து நாட்டுக்கே வழிகாட்டிய அமைப்பு அது. கேரளமும் ராஜஸ்தானும் அதே மாதிரியில் கழகங்கள் அமைத்துக்கொண்டன. அதற்கு அரைக் கிலோ வாசலின் டப்பா பெரிய காரியமே இல்லை. கேட்பவர்கள் யாரும் இல்லாததால் வாங்கப்படாமல் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஒளிச் சிகிச்சையைப் பற்றியும் சொல்ல வேண்டும். புற ஊதாக் கதிரில் குறிப்பிட்ட ஒரு பகுதியை மட்டும், 311 நானோமீட்டர் அளவில், உடம்பில் படவைக்கிற விளக்குப் பெட்டி அது. பெட்டிக்குள் நிற்கும் நேரம் சில நிமிடங்கள்தான். கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கலாம், மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் கொடுக்கலாம். ஆனால் வாரம் இரண்டு மூன்று முறை, சில மாதங்கள் விடாமல் போக வேண்டும். அந்தச் சில நிமிடத்துக்காக அரைநாள் போய்விடுகிறது. ஆடித் தள்ளுபடி தொடங்கினால் தீபாவளி முடியும் வரை எங்கள் மாதிரி கடைகளில் விடுப்பு என்ற பேச்சே எடுக்க முடியாது. கட்டடத் தொழிலாளிக்கும் பனியன் கம்பெனி ஆட்களுக்கும் அன்றாடக் கூலி போய்விடும். மாலை ஐந்து முதல் எட்டு வரை அந்த விளக்கை எரியவிட்டால் போதும், பாதிப் பேர் சிகிச்சையை முடிப்பார்கள். நான் போய்க்கொண்டிருந்த ஒரு மருத்துவமனையில் விளக்குகள் பழுதாகி, மாற்றப்படாமல், அறையே பூட்டிக் கிடந்தது. எந்தெந்த அரசு மருத்துவமனையில் இந்தப் பெட்டி இருக்கிறது, அதில் எது ஓடுகிறது, எந்த நேரத்தில் போகலாம் என்ற பட்டியலைத் துறை வெளியிட வேண்டும்.

இப்படி அலுத்துப்போகிறவர் அடுத்து எங்கே போவார்? மெடிக்கல் ஷாப்புக்கு. வீரியமான ஸ்டீராய்டோடு பூஞ்சை மருந்தும் கிருமி மருந்தும் கலந்த களிம்பைக் கேட்ட உடனே எடுத்துக் கொடுக்கிறார்கள். ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்க முடியாதபடி மத்திய அரசு 2018இலேயே விதியைத் திருத்திவிட்டது. கடைவீதியில் அந்த விதி நடப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஸ்டீராய்டு களிம்பு கெட்டது என்று நான் சொல்லவே மாட்டேன். தோல் மருத்துவர் சொன்ன இடத்தில், சொன்ன நாள் வரை போட்டால் அதுதான் எங்களுக்கு முதல் மருந்து. வருடக்கணக்கில் கண்டபடி தடவினால் தோல் காகிதம் போல மெலிந்து, நரம்பு தெரிந்து, தொடையிடுக்கில் கோடுகோடாகப் பிளந்துவிடும்.

அதைவிட மோசமானது ஊசி. வரிசையில் நிற்கும்போது பழக்கமான ஒரு கொத்தனார், சிமென்ட் வேலை செய்கிறவர், உடம்பெல்லாம் படை. அவருடைய ஊர்ப்பக்கம் ஒருவர் ஒரே ஊசியில் சரியாக்குகிறார் என்று கேள்விப்பட்டுப் போயிருக்கிறார். மூன்றே நாளில் தோல் பளிச்சென்று ஆகிவிட்டது. மறுபடி வந்தபோது மறுபடி ஊசி. ஒருமுறை கையில் பணம் இல்லாமல் போகவில்லை. அவ்வளவுதான், தலை முதல் கால் வரை சிவந்து, தோல் உரிந்து, ஜூரம் கண்டு, நடுக்கத்தோடு தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தார்கள். ஸ்டீராய்டை ஊசியாகவோ மாத்திரையாகவோ கொடுத்துத் திடீரென்று நிறுத்தினால் சொரியாசிஸ் இப்படித் திருப்பி அடிக்கும் என்பது தோல் மருத்துவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். உயிரே போகலாம். அவர் பிழைத்துக்கொண்டார். பல வாரம் வேலை இல்லை, கடன் மட்டும் மிச்சம். அந்த ஊசிக்காரரிடம் இப்போதும் கூட்டம் இருக்கிறது என்று அவரே சொன்னார். அரசு மருத்துவமனை ஒரு நாளை விழுங்குகிறது, அங்கே பத்து நிமிடத்தில் வேலை முடிகிறது. போகாதே என்று போஸ்டர் ஒட்டுவதால் மட்டும் இது நிற்காது.

மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரையைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் அரசு உடனடியாகக் கை வைக்க முடியும். கடுமையான சொரியாசிஸுக்கு இது பழைய மருந்து, நம்பகமான மருந்து, விலையும் குறைவு. இதை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து, ஆள் இறந்துபோகலாம். உலகம் முழுக்க இந்தத் தவறு நடந்து மரணங்கள் நேர்ந்திருக்கின்றன. நம் ஊரில் மருந்து கொடுக்கும் ஜன்னலில் மாத்திரையை வெட்டிக் கவரில் போட்டு, "ஞாயித்துக்கிழமை மட்டும்" என்று வாயால் சொல்கிறார்கள். கூடவே அதன் பக்கவிளைவைக் குறைக்கும் ஃபோலிக் ஆசிட் கொடுத்து, "மத்த நாள்ல இது" என்கிறார்கள். இரண்டும் சின்ன மஞ்சள் மாத்திரைகளாக அமைந்துவிட்டால் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி எப்படிப் பிரித்துப் பார்ப்பார்?

இதற்கு நம் மாநிலத்திலேயே முன்னுதாரணம் இருக்கிறது. தொழுநோய்க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தபோது, ஒரு மாதத்து மருந்தையும் நாள்வாரியாக ஒரே அட்டையில் அடைத்துக் கொடுத்தார்கள். மாதத்தின் முதல் வேளை ஊழியர் முன்னிலையில், மீதி வீட்டில். 1995 முதல் அந்த மருந்து உலகெங்கும் இலவசம். செங்கல்பட்டு திருமணியிலும் வேலூர் மாவட்டம் கரிகிரியிலும் நடந்த தொழுநோய்ப் பணி உலகம் அறிந்தது. ஊர் ஊராகப் போய், சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகுத் தேமலைப் பார்த்து, உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுச் சோதித்து, நோயாளியைக் கண்டுபிடித்து மாதாமாதம் மருந்து கொடுத்த அனுபவம் உங்கள் துறைக்கு இருக்கிறது. பொது சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து தொழுநோய் இறங்கிவிட்டதாக 2005 இறுதியில் நாடு அறிவித்தது. தோல் நோயாளியின் வீட்டு வாசலுக்குப் போவது இந்தத் துறைக்குப் புதிதே இல்லை. இன்றும் தொழுநோய்க் கணக்கெடுப்புக்கு வரும் ஊழியர் எங்கள் படையைப் பார்த்துவிட்டு, "உணர்ச்சி இருக்கு, அது இல்ல" என்று சொல்லி அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார். அது இல்லை என்றால் வேறு என்ன, எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் எத்தனையோ பேர் ஊசிக்காரரிடம் போவதற்கு முன்பே சரியான இடத்துக்கு வந்துவிடுவார்கள்.

ஆகவே மெத்தோட்ரெக்சேட்டையும் கிழமை அச்சிட்ட மாத அட்டையாகக் கொடுங்கள். அந்த மருந்து சாப்பிடுபவருக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் ரத்த அணுக்களையும் கல்லீரலையும் சோதிக்க வேண்டும். அதற்காக அறுபது எழுபது கிலோமீட்டர் பஸ் ஏறி மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை. வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்து, முடிவை அங்கேயே பதிந்து, சரியாக இருந்தால் அங்கேயே அடுத்த மாத அட்டையைக் கொடுக்கலாம். மாற்றம் தெரிந்தால் மட்டும் தோல் மருத்துவரிடம் அனுப்பலாம். தோல் மருத்துவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்றால், ஓ.பி. வரிசையும் பாதியாகும், அவர் என்னை இரண்டு நிமிடத்துக்குப் பதில் பத்து நிமிடம் பார்ப்பார்.

பத்து நிமிடம் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்விகள் பல இருக்கின்றன. காலையில் எழுந்ததும் விரல் மடக்க வருகிறதா, குதிகால் வலிக்கிறதா என்று கேட்கலாம். சொரியாசிஸ் உள்ளவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரைக்கும் மூட்டு பாதிக்கப்படலாம். நகத்தில் குண்டூசி குத்தினது போலச் சின்னச் சின்னக் குழிகள் இருப்பது அதற்கு ஓர் எச்சரிக்கை. எங்கள் தெருவில் தையல் வேலை செய்யும் ஓர் அக்காவுக்கு ஒரு விரல் முழுதாக வீங்கி நின்றது. தையல் மெஷினால் வந்தது என்று நினைத்து, எலும்பு மருத்துவரிடம் போய், வலி மாத்திரையிலேயே காலம் ஓட்டினார். தலையில் அவருக்கு இருந்த செதிலைப் பொடுகு என்று எல்லோரும் சொன்னார்கள், அவரும் நம்பினார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போது அந்த விரல் நீட்ட வருவதில்லை. மூட்டு ஒருமுறை சிதைந்துவிட்டால் மருந்தால் பழையபடி ஆக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. கடுமையான சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு மாரடைப்பு, சர்க்கரை, உடல் பருமன், மன அழுத்தம் எல்லாமே மற்றவர்களைவிட அதிகமாக வருகின்றன. அப்படியென்றால் எங்களைத் தேடி வர மக்களைத் தேடி மருத்துவத்துக்கு ஏற்கெனவே காரணம் இருக்கிறது. எங்களுக்கு பி.பி., சர்க்கரை பார்ப்பது அந்த ஊழியரின் வேலையேதான். கூடவே, "தூக்கம் வருதாண்ணே? மனசு எப்படி இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்கச் சொல்லிக்கொடுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்று நினைத்தவர்கள் எங்களில் இருக்கிறார்கள். அதை ஓ.பி. வரிசையில் நின்றுகொண்டு யாரிடமும் சொல்ல மாட்டார்கள்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அரசு மருத்துவமனையில் தோல் பிரிவும் பால்வினை நோய்ப் பிரிவும் ஒரே பலகையின் கீழ் இருக்கின்றன. மருத்துவப் படிப்பில் அவை ஒரே துறை என்பது எனக்குத் தெரியும். ஆனால் கல்யாணத்துக்கு இருக்கும் பெண்ணை அந்தப் பலகைக்குக் கீழே உட்காரவைக்க எந்த அம்மா துணிவார்? தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ன கதை கிளம்பும் என்று பயந்து, முழுக்கை ரவிக்கையும் சுடிதாரும் போட்டு மூடி, வருடக்கணக்கில் வீட்டு வைத்தியத்திலேயே வைத்திருக்கிறார்கள். பால்வினை நோய்க்கு வருகிறவர்களும் மரியாதையோடு சிகிச்சை பெற வேண்டியவர்கள்தான், அவர்களைக் குறை சொல்லவில்லை. காத்திருக்கும் இடத்தைப் பிரித்து, பலகையில் தோல் நோய்ப் பிரிவு என்று தனியாக எழுதி வையுங்கள், இரு தரப்புக்கும் நல்லது. கல்யாணமான பெண்களுக்கு வேறு சிக்கல். மெத்தோட்ரெக்சேட் கர்ப்ப காலத்தில் கூடவே கூடாது, கருவைப் பாதிக்கும். குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி நிறுத்த வேண்டும். அதை அந்தப் பெண்ணிடம் தனியாக உட்காரவைத்துச் சொல்ல ஒரு செவிலியர் வேண்டும். மாமியாரும் கணவரும் நிற்கிற வரிசையில் அந்தப் பேச்சு நடக்காது.

சித்த மருத்துவத்தையும் விட்டுவிட முடியாது. சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை எனப்படும் இந்த நோய்க்கு வெட்பாலைத் தைலம் கேட்டு அரசு சித்தப் பிரிவுக்குப் போகிறவர்கள் ஏராளம். நானும் தடவுகிறேன், வறட்சிக்கு எனக்கு இதமாக இருக்கிறது. சித்தப் பிரிவும் தோல் பிரிவும் பல இடங்களில் ஒரே வளாகத்தில் இருக்கின்றன, ஆனால் ஒரு பிரிவின் சீட்டு இன்னொரு பிரிவுக்குப் போவதில்லை. அங்கே உள்ளுக்குச் சூரணம் சாப்பிடுவதை இங்கே சொன்னால் திட்டு விழும் என்று மறைக்கிறார்கள். இங்கே மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுவதை அங்கே சொல்வதில்லை. கல்லீரல் ஒன்றுதானே. ஒரு நோயாளிக்கு ஒரே கையேடு, இரண்டு பிரிவு மருத்துவர்களும் அதிலேயே எழுத வேண்டும் என்று உத்தரவிட்டால் இந்த ஒளிவுமறைவு முடியும். ஸ்டீராய்டைக் கலந்து மூலிகைப் பொடி என்று விற்பவர்களைப் பிடிக்கவும் அந்தக் கையேடு உதவும்.

கடைசியாக, உயிரியல் ஊசிகள், அதாவது நோய் எதிர்ப்பு அமைப்பில் நோயைத் தூண்டும் பகுதியை மட்டும் குறிவைத்து அடக்கும் ஊசிகள். மற்ற எதற்கும் அடங்காதவர்களுக்கு இவை வாழ்க்கையைத் திருப்பித் தருகின்றன, விலைதான் எட்டாது. அடாலிமுமாப் என்ற மருந்தை 2014 முதல் இந்திய நிறுவனங்களே தயாரிக்கின்றன. இட்டோலிசுமாப் 2013இல் பெங்களூரு நிறுவனம் ஒன்று இந்தியாவில் கொண்டுவந்த மருந்து. இவற்றைத் தொடங்குவதற்கு முன் காசநோய் இருக்கிறதா என்று சோதிப்பது மிக முக்கியம், ஆகவே எல்லோருக்கும் அள்ளிக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் அறுவை சிகிச்சையையும் உள்நோயாளிகளையும் மனதில் வைத்து அமைந்தது. மாதம் ஒருமுறை ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறவரையும் அதில் எளிதாகச் சேர்க்க வேண்டும். மருத்துவக் கல்லூரிகளில் தோல் மருத்துவரும் மூட்டு மருத்துவரும் சேர்ந்த குழு யாருக்கு வேண்டும் என்று முடிவு செய்யட்டும். மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக விலை பேசினால் ஒருவர் தனியாகக் கொடுக்கும் விலை அரசுக்கு ஆகாது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது என்பது புரிகிறது. எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், இரண்டு மாவட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று தொழிற்சாலைகள் நிறைந்த மாவட்டமாகவும் இன்னொன்று மருத்துவக் கல்லூரி எட்டாத கிராமங்கள் கொண்ட மாவட்டமாகவும் இருக்கட்டும். மக்களைத் தேடி மருத்துவத்தின் ஊழியர்களுக்கு ஒருநாள் பயிற்சி கொடுங்கள். செதில் கட்டிய படை, நகக் குழி, வீங்கிய விரல், இவற்றின் படங்கள் போட்ட ஓர் அட்டை போதும். அவர்கள் கண்டெடுப்பவர்களை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் பார்த்து, சந்தேகம் இருந்தால் செல்போனில் படம் எடுத்துத் தோல் மருத்துவருக்கு அனுப்பலாம். உறுதியானவரின் பெயர் பதிவேட்டில் ஏறட்டும், கையேடு கையில் கிடைக்கட்டும். வாசலின் அரைக் கிலோ டப்பா முதல் மாதத்திலிருந்தே கொடுங்கள், அதற்குப் பரிசோதனைகூடத் தேவையில்லை. ஒரு வருடம் கழித்து எத்தனை பேர் மருந்தை விடாமல் தொடர்ந்தார்கள், எத்தனை பேர் உரிந்த தோலோடு அவசர சிகிச்சைக்கு வந்தார்கள் என்ற இரண்டு எண்களையும் வெளியிடுங்கள்.

உலக சொரியாசிஸ் நாள் அக்டோபர் 29. அன்று மருத்துவமனைகளில் பேனர் கட்டி, கருத்தரங்கு நடத்துவார்கள். அந்தத் தேதிக்குள் இதற்கான அரசாணை வரவேண்டும் என்பது என் கோரிக்கை. பயிற்சி அட்டையின் வாசகம் எளிதாகப் புரிகிறதா என்று நோயாளிகளிடம் காட்டிப் பார்க்க விரும்பினால் நானும், என்னோடு வரிசையில் நிற்பவர்களும் வந்து உட்காரத் தயார். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் எங்களுக்கு வசதி.

இப்படிக்கு,
ஜவுளிக்கடைப் பணியாளர் ஒருவர்